வீடியோ கேமுக்குப் பகிடி எழுதிப் பிழைக்கலாமா?

நகைச்சுவை நன்றாக எழுத வரும், வீடியோ கேம்களுக்கு எழுதி வாழ முடியுமா, அந்த வேலைக்கு எப்படிப் போவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

பிழைக்கலாம். ஆனால் "பகிடி எழுத்தாளர்" என்று பலகை மாட்டிக்கொண்டு போனால் ஒருவரும் கூப்பிட மாட்டார்கள். நான் கிளிநொச்சியில் இருந்துகொண்டு ஒரேயொரு போன் கேமுக்கு வசனம் எழுதியவன், அதற்கும் பாதிக் காசுதான் கைக்கு வந்தது (மீதி வருமுன் அந்தக் கொம்பனியே இல்லாமல் போய்விட்டது), ஆகவே சம்பளக் கணக்கை என்னிடம் கேட்காதீர்கள்.

இந்தத் துறையில் நான் அண்ணாந்து பார்க்கிற ஆள் எரிக் வோல்போ. தொண்ணூறுகளின் கடைசியில் செட் ஃபாலிசெக் என்பவரோடு சேர்ந்து ஓல்ட் மேன் மரே என்ற தளத்தில் கேம்களைக் கிழித்துத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார். 2000இல் இவர்கள் ஒரு அளவுகோல் வைத்தார்கள்: கேம் தொடங்கி எத்தனை செக்கனில், கேமுக்குக் கேம் கிடக்கிற அந்த மரப்பெட்டிகளில் முதலாவது கண்ணில் படுகிறது? செய்தவர்களின் கற்பனை தீர்ந்துபோன இடம் அதுதானாம். பகிடிதான், ஆனால் நூறு கேமை விளையாடி நொந்தவனுக்கு மட்டும் வரக்கூடிய பகிடி. அப்புறம் டிம் ஷேஃபர் என்ற கேம் வடிவமைப்பாளரோடு சேர்ந்து சைக்கோநாட்ஸ் (2005) என்ற கேமை எழுதினார், வால்வ் என்ற கேம் கொம்பனிக்குப் போனார், 2007இல் அங்கே அவர் எழுதிய போர்ட்டல் என்ற கேம் வந்தது. அதில் கிளாடோஸ் என்றொரு இயந்திரம், உங்களைச் சாகடிக்கப் பார்த்துக்கொண்டே கந்தோர்க் கடிதம் மாதிரி மரியாதையாகப் பேசும், சோதனைகளை முடித்தால் கேக் தருவதாக ஆசையும் காட்டும். திகதி, இலக்கம் எல்லாம் போட்டு "தங்களுக்கு ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்" என்று வருகிற கடிதங்களைப் படித்து வளர்ந்த எங்களுக்கு அந்தக் குரலை யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

அதற்கும் முன்னால், 1990இல், மங்கி ஐலண்ட் வரிசையின் முதல் கேம். அதில் வாள்சண்டையை வெல்வது வாயால். எதிராளி ஒரு நக்கல் விடுவான், அதற்குப் பொருத்தமான பதில் தெரிந்தால் அடி உங்களுடையது, தெரியாவிட்டால் தோற்றுத் தோற்றுத்தான் பதில்களைப் பிடிக்க வேண்டும். கடைசியில் பெரிய வாள்காரியிடம் போனால் அவள் விடுகிற நக்கல் முழுக்கப் புதுசு, ஆனால் உங்களிடம் இருக்கிற அதே பழைய பதில்கள்தான் அதற்கும் பொருந்தும். எழுதினவர்கள் பட்ட பாட்டை யோசித்துப் பாருங்கள், ஒரு பதில் இரண்டு நக்கலுக்கும் சரியாக வந்து விழ வேண்டும். எங்கள் ஊரில் வாய்க்காரர்களுக்குக் குறைவில்லை, ஆனால் அவர்களுக்கே இதில் மூச்சு வாங்கும்.

எங்கள் கேம் சின்னது. அறுவடை நேரத்து மழையில் இரணைமடு வாய்க்கால் ஓரத்து மண்றோட்டால் நெல் மூட்டைகளை லாண்ட்மாஸ்டரில் (பெட்டி பூட்டிய இரண்டு சில்லு உழவு இயந்திரம்) ஏற்றி மில்லுக்குக் கொண்டுபோக வேண்டும். பெட்டியில் மூட்டைக்கு மேல் ஒரு அப்பு இருப்பார், சில்லு புதைந்தால் ஏதாவது சொல்வார். நான் எழுதிய முதல் வரி: "தம்பி, றோட்டு அங்கால கிடக்கு." சும்மா சொல்லக்கூடாது, நல்ல வரி. அக்காவின் மகனிடம் போனைக் கொடுத்தேன், பதினொரு வயது. முதல் தரம் விழுந்து விழுந்து சிரித்தான். மூன்றாம் தரம் முகத்தில் ஒன்றுமில்லை. ஏழாம் தரம் சத்தத்தைக் குறைத்துவிட்டு, "மாமா, இந்தக் கிழவனை இறக்கிவிட ஏலாதா?" என்றான்.

கதையில் பகிடியை எப்போது விடுவது என்பது எழுதுகிறவன் கையில். கேமில் அது விளையாடுகிறவன் கையில், அவன் ஒரே சேற்றில் இருபது தரம் புதைவான், அல்லது புதையாமலே போய் உங்கள் நல்ல வரியைக் கேட்காமலே முடிப்பான். அதனால் இந்த வேலையில் பெரும்பகுதி எக்செல் தாள்தான்: யார் சொல்வது, எப்போது, எத்தனையாவது தரம், அதற்கு முன் என்ன நடந்தது. அன்று இரவு பதினான்கு வரி எழுதினேன். ஐந்தாவது: "நான் ஓட்டின வண்டியில மாடாவது சொன்னாக் கேட்கும்." ஒன்பதாவது: "மில்லுக்குப் போக வேண்டாம், இதிலயே விதைப்பம்." பதினான்காவதில் வசனமே இல்லை, அப்பு தொண்டையைச் செருமுவார், அவ்வளவுதான். மருமகன் அந்தச் செருமலைக் கேட்பதற்காகவே வேணுமென்று சேற்றுக்குள் விட்டான்.

சரி, எப்படிப் போவது? பகிடிக் கட்டுரைகளை அனுப்பினால் கேம் செய்கிறவர்கள் படிக்கக்கூட மாட்டார்கள். ட்வைன் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது, புரோகிராமிங் தெரியாமலே அதில் கிளைபிரிகிற கதை செய்யலாம். பத்து நிமிடத்தில் விளையாடி முடிக்கக்கூடிய ஒன்றைச் செய்யுங்கள். அனுப்ப முன் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு, விளக்கம் ஒன்றும் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் இருங்கள். பிள்ளை எந்த வரியைப் படிக்காமல் தட்டித் தள்ளுகிறதோ, அதை வெட்டுங்கள், அது உங்களுக்குப் பிடித்த வரியாகத்தான் இருக்கும்.