பெயின்ட் கொப்பளித்த பாய்மரப் படகு: பாக்கிக்காகப் பட்டறை பிடித்து வைக்கலாமா?

கேள்வி: வக்கீல் சாருக்கு வணக்கம். என்னிடம் 1986இல் கட்டிய 25 அடி ஃபைபர் பாய்மரப் படகு ஒன்று இருக்கிறது. ஜெல்கோட் (ஃபைபரின் மேலுள்ள பளபளப்பான பூச்சு) வெளுத்து, தொட்டால் கையில் சுண்ணாம்பு மாதிரி ஒட்டியதால், போன அக்டோபரில் சென்னைப் பக்கம் ஒரு பட்டறையில் விட்டேன். பேசிய தொகை 3,80,000 ரூபாய். அதில் 3,00,000 கொடுத்துவிட்டேன். டிசம்பர் முதல் வாரம் படகு தண்ணீரில் இறங்கியது. பிப்ரவரியில் பார்த்தால் நீர்மட்டத்துக்குக் கீழே முழுக்கக் கொப்புளம். மேலே பளபளப்பே இல்லை, சில இடங்களில் ஏடு ஏடாக உரிகிறது. "கொண்டு வாங்க, பார்க்கிறோம்" என்றார்கள். கொண்டுபோய் விட்ட பிறகு, "படகு பழசு, ஃபைபர் உள்ளே தண்ணீர் குடித்திருக்கிறது, எங்கள் வேலையில் குறை இல்லை. பாக்கி 80,000 வந்தால்தான் படகு, ஷெட் வாடகை நாளுக்கு 500 தனி" என்கிறார்கள். எழுத்து ஒப்பந்தம் கிடையாது, வாட்ஸ்அப் மட்டும்தான். அதன் படங்களையும் பில்லையும் இணைத்துள்ளேன். நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா? சில ஞாயிற்றுக்கிழமைகளில் சுற்றுலா வருபவர்களைக் காசு வாங்கி ஏற்றியிருக்கிறேன். அது இடைஞ்சலாகுமா?
– வாசகர், புதுச்சேரி

பதில்: போகலாம். ஆனால் மனு எழுத உட்காரும் முன் இன்றைக்கே ஒரு வேலை இருக்கிறது. உங்கள் வழக்கில் முதல் சாட்சி அந்தப் படகின் மேல்தோல்தான், அது இப்போது எதிர்த்தரப்பின் ஷெட்டில் நிற்கிறது. கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல், "சரி, ஒரு கோட் அடிச்சுக் கொடுத்து அனுப்பிடலாம்" என்று யாராவது சாண்டிங் மெஷினை வைத்தால்கூட ஒரே மதியத்தில் சாட்சியம் தூசியாகிவிடும். அதனால் வாட்ஸ்அப்பிலும், ஸ்பீட் போஸ்ட்டிலும் இரண்டு வரி அனுப்புங்கள்: என் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் படகைத் தேய்க்கவோ, சுரண்டவோ, பெயின்ட் அடிக்கவோ கூடாது, இன்ன தேதியில் சர்வேயருடன் வந்து பார்வையிடுவேன்.

சர்வேயர் என்று நான் சொல்வது, கப்பல் உடல் பிரிவுக்குக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் உரிமம் பெற்றவரை. தெரிந்த பெயின்டர் சொல்வதற்கும் இவர் எழுதிக் கொடுப்பதற்கும் நுகர்வோர் ஆணையத்தில் (நீங்கள் சொல்லும் நுகர்வோர் கோர்ட்) மதிப்பு வேறு.

இனி "படகு பழசு" என்கிற வாதம். பழைய ஃபைபர் படகு வழக்குகளில் எல்லாப் பட்டறைகளும் இதைத்தான் சொல்கின்றன, சில சமயம் அது உண்மையாகவும் இருக்கிறது. பல வருஷம் தண்ணீரில் கிடந்த ஃபைபரில் ஜெல்கோட் வழியாக ஈரம் உள்ளே ஊறி, ஃபைபரை இறுக்கிப் பிடிக்கும் ரெசினோடு (பிசின்) வினைபுரிந்து கொப்புளம் கட்டும். ஆஸ்மோசிஸ் என்பது அதுதான். பெயின்ட் பிடிக்காமல் எழும்பும் கொப்புளம் வேறு. இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியும். சர்வேயர் முன்னிலையில், பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒரு கொப்புளத்தைக் குத்தச் சொல்லுங்கள். பிசுபிசுப்பான திரவம் வந்து, காடி போலப் புளித்த வாடை அடித்து, அடியில் ஜெல்கோட்டே குழிந்து ஃபைபர் நூல் தெரிந்தால் அது பழைய நோய். பெயின்ட் மட்டும் தோல் மாதிரிக் கழன்று, அடியில் பிரைமரோ பழைய ஜெல்கோட்டோ வழவழப்பாக, எமரி பேப்பர் தேய்த்த கீறல்கூட இல்லாமல் இருந்தால், அது போன அக்டோபரில் பட்டறையில் நடந்த கோளாறு. உரிந்த ஏடுகளில் நாலைந்தை எடுத்து, எந்தப் பக்கம், எந்த இடம் என்று எழுதி, கவரில் போட்டு இருவரும் கையெழுத்திடுங்கள். படம் எடுக்கும்போது பக்கத்தில் ஸ்கேல் வைத்து, நீர்மட்டக் கோடும் தெரியும்படி எடுக்க வேண்டும்.

நீங்கள் அனுப்பிய செய்திகளில் ஒன்றை நான் இரண்டு தடவை படித்தேன்: "மேலே கீழே ரெண்டும் பி.யு. அடிச்சுப் புதுசு மாதிரி ஆக்கிடலாம் சார், ஒரு வருஷம் கியாரண்டி." பி.யு. என்றால் பாலியூரித்தேன். உங்கள் பில்லிலும் பாலியூரித்தேன் டாப்கோட் (மேல் பூச்சு), பிரைமர், பட்டி, கூலி, இவ்வளவுதான் இருக்கிறது. இரண்டு டப்பாக் கலவையாக வரும் பாலியூரித்தேன் பெயின்ட் நீர்மட்டத்துக்கு மேலே உள்ள பகுதிக்கானது. எப்போதும் தண்ணீரில் மூழ்கியிருக்கும் இடத்துக்கு அது ஆகாது என்பது தயாரிப்பாளர்களின் தகவல் தாள்களிலேயே இருக்கும். கீழே அடிக்க வேண்டியது தண்ணீர் ஊறாமல் தடுக்கும் எபாக்சி கோட்டுகள், அதன்மேல் பாசியும் கொட்டலசும் பிடிக்காமலிருக்க ஆன்டிஃபவுலிங். அது இரண்டுமே உங்கள் பில்லில் இல்லை. நீர்மட்டத்துக்குக் கீழே மட்டும் முழுக்கக் கொப்பளித்திருப்பதும் இதோடு பொருந்திப்போகிறது. அவர்கள் அடித்த பெயின்டின் பெயரையும் பேட்ச் எண்ணையும் வக்கீல் நோட்டீஸில் கேளுங்கள், அதன் தகவல் தாளைத் தரவிறக்கி மனுவோடு இணையுங்கள். எதிர்த்தரப்பு வாங்கிய டப்பாவே எதிர்த்தரப்புக்கு எதிராகச் சாட்சி சொல்வது அடிக்கடி கிடைக்கிற வசதி இல்லை.

மேல்பகுதி பளபளப்பு போனதற்குப் பருவத்தையும் பார்க்க வேண்டும். வேலை நடந்தது வடகிழக்குப் பருவமழையின் நடுவே. பெயின்ட் அடிக்கும் பரப்பின் வெப்பநிலை பனிநிலையைவிட (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை)க் குறைந்தது 3 டிகிரி செல்சியஸ் கூடுதலாக இருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் பொது விதி. பாலியூரித்தேன் காய்வதற்குள் ஈரம் பட்டால் மங்கிப்போகும். எபாக்சி பிரைமர் குளிர்ந்த ஈரக்காற்றில் இறுகினால் மேலே மெழுகு போல ஒரு படலம் கட்டும். அதைத் தண்ணீர் விட்டுக் கழுவித் தேய்க்காமல் அடுத்த கோட் போனால் ஏடாகத்தான் உரியும். ஷெட்டுக்கு மூடிய கூரையும் சுவரும் இருந்தனவா, அந்த நாட்களில் அவர்கள் அனுப்பிய படங்களில் தரை ஈரமாகத் தெரிகிறதா என்று தேடிப் பாருங்கள்.

ஒருவேளை ஆஸ்மோசிஸ் என்றே தெரியவந்தால்? அப்போதும் பட்டறை முழுதாகத் தப்பிவிடாது. 39 வயதுப் படகு என்று தெரிந்துதான் வேலையை எடுத்தார்கள். ஈரமானி வைத்துப் பார்த்து, "இது மாதக்கணக்கில் காய வேண்டும், இப்போது அடித்தால் நிற்காது" என்று சொல்லியிருக்க வேண்டியது தொழில் தெரிந்த அவர்கள்தான். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(11)இல் சேவைக் குறைபாடு என்பதில் கவனக்குறைவும் வரும், தெரிந்தே தகவலை மறைப்பதும் வரும். ஆனால் உங்கள் இழப்பீடு சுருங்கும். ஃபைபருக்குள் இருந்த நோயை ஆற்றும் செலவை அவர்கள் தலையில் கட்ட முடியாது.

அடுத்து, படகைப் பிடித்து வைத்திருப்பது. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 170 அவர்களுக்கு ஒரு உரிமை தருகிறது. ஒப்படைத்த பொருளில் உழைப்போ திறமையோ செலுத்தி வேலை செய்தவர், கூலி வரும்வரை அதை வைத்துக்கொள்ளலாம். சட்டமே தரும் உதாரணம், பட்டை தீட்டக் கொடுத்த வைரம். ஆனால் அங்கே வைரம் சொன்னபடி பட்டை தீட்டப்பட்டிருக்கிறது. வேலை ஒப்படைத்த நோக்கப்படி நடந்திருக்க வேண்டும் என்பது பிரிவின் வாசகத்திலேயே உண்டு. அது முதல் பதில். இரண்டாவதுதான் எனக்குப் பலமாகப் படுகிறது: டிசம்பரில் பாக்கி இருக்கும்போதே படகை உங்களிடம் கொடுத்துவிட்டார்கள். கைவசம் இருக்கும்வரைதான் இந்த உரிமை. கொடுத்துவிட்டு, "பார்க்கிறோம்" என்று வரவழைத்துப் பழைய பாக்கிக்காகப் பூட்டு போடுவது அதன் கீழ் வராது என்றே வாதிடுவேன்.

ஷெட் வாடகைக்கு இன்னும் வலுவான பதில் உண்டு. தன் பாக்கிக்காகக் கப்பலை நிறுத்திவைத்த ஒரு பழுதுபார்ப்பவர், நிறுத்திவைத்த நாட்களுக்குக் கப்பல்துறைக் கட்டணமும் கேட்டார். 1860இல் சோம்ஸ் எதிர் பிரிட்டிஷ் எம்பயர் ஷிப்பிங் வழக்கில், அன்று இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை அது செல்லாது என்றது: உன் வசதிக்காக நீ வைத்திருக்கிறாய், அதற்கு அவர் ஏன் வாடகை தர வேண்டும்? இங்கிலாந்துத் தீர்ப்பு நம் ஆணையத்தைக் கட்டுப்படுத்தாது, ஆனால் எடுத்துக்காட்டலாம்.

இவ்வளவும் சொன்ன பிறகு, என் யோசனை கொஞ்சம் வேறு மாதிரி. தேய்க்காமல், இருக்கிற நிலையிலேயே படகை ஒப்படைக்கச் சம்மதித்தால், 80,000ஐ வங்கி வழியாக, "ஆட்சேபத்துடன், என் உரிமைகளுக்குப் பாதகமின்றி" என்று கடிதம் எழுதிக் கொடுத்து மீட்டுவிடுங்கள். அந்தப் பணத்தை வழக்கில் கேட்டுக்கொள்ளலாம். தேய்ந்துபோன பெயின்டை யாரிடமும் கேட்க முடியாது. கையில் அவ்வளவு இல்லையென்றால் மனுவோடே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 38(8)இல் இடைக்கால உத்தரவு கேளுங்கள்: படகை மாற்றாமல் வைக்கவும், பார்வையிட நிபுணரை அனுமதிக்கவும்.

ஞாயிற்றுக்கிழமைப் பயணிகள் விஷயம். வணிக நோக்கத்துக்குச் சேவை பெற்றவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்பது பிரிவு 2(7). ஆனால் பார்க்க வேண்டியது பிரதான நோக்கத்தை என்று லீலாவதி கீர்த்திலால் மேத்தா அறக்கட்டளை வழக்கில் 2019இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. வணிக நோக்கம் என்று நிரூபிக்கும் பொறுப்பும் அதைச் சொல்கிற எதிர்த்தரப்புக்கே என்று 2024இல் ஸ்ரீராம் சிட்ஸ் வழக்கில் தீர்ப்பு வந்தது. உங்கள் சொந்த ஓட்டத்துக்கான படகு, எப்போதாவது காசு வாங்கினீர்கள் என்றால் தாங்கும். விளம்பரம் போட்டு, கட்டணப் பட்டியலோடு நடத்தியிருந்தால் சிவில் நீதிமன்றமே நல்லது. எப்படியானாலும் பிரமாணப் பத்திரத்தில் மறைக்காதீர்கள், உங்கள் முகநூல் படங்களை எதிர்த்தரப்பு வக்கீல் என்னைவிட முன்னால் பார்த்திருப்பார். காசுக்குப் பயணி ஏற்ற அனுமதி உங்களிடம் இல்லையென்றால், இனிமேல் ஏற்றாதீர்கள்.

மீதி நடைமுறை சுலபம். பிரிவு 34இன்படி நீங்கள் வசிக்கும் இடத்திலேயே, புதுச்சேரி மாவட்ட ஆணையத்தில் தாக்கல் செய்யலாம், சென்னைக்கு அலைய வேண்டாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது. குறை தெரிந்ததிலிருந்து 2 வருஷம் அவகாசம். வாட்ஸ்அப் செய்திகளுக்குப் பாரதிய சாட்சிய சட்டம், பிரிவு 63இன் சான்றிதழ் இணைத்துவிடுங்கள். போனை மாற்றவோ விற்கவோ வேண்டாம். கேட்கும் தொகையில் நிதானம் வேண்டும்: கொடுத்த பணம் அல்லது மறுபடி செய்ய ஆகும் செலவு, படகை ஏற்றி இறக்கிய கிரேன் செலவு, சர்வேயர் கட்டணம், மன உளைச்சலுக்கு ஒரு நியாயமான தொகை. மறுவேலைக்கு வேறு இரண்டு பட்டறைகளில் கொட்டேஷன் வாங்குங்கள். 25 லட்சம் கேட்டால் கிடைக்காது, மனுவின் மேலுள்ள நம்பிக்கையும் குறையும்.

நோட்டீஸ் போனதும் "இலவசமாகத் திரும்ப அடித்துத் தருகிறோம்" என்று அவர்கள் இறங்கி வரக்கூடும். சர்வேயர் பார்த்து எழுதிக் கொடுத்த பிறகென்றால் ஒத்துக்கொள்வதில் தவறில்லை. ஆனால் எந்தப் பெயின்ட், கீழே எத்தனை கோட் எபாக்சி, என்ன ஆன்டிஃபவுலிங், எந்தத் தேதிக்குள் என்று காகிதத்தில் வர வேண்டும். முதல் கோட்டுக்கு முன் ஈரமானியின் அளவை உங்கள் சர்வேயர் எதிரில் குறித்து அவர்கள் கையெழுத்திட வேண்டும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை திறந்த ஷெட்டில் வேலை கூடாது என்பதையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள்.