சும்மா நிற்காத கப்பல்

கேள்வி: துறைமுகத்தில் சும்மா நிற்கிற கப்பலுக்குக் கரையிலிருந்து கரன்ட் கொடுத்தால் புகை குறையும் என்கிறார்கள். அந்தக் கரன்ட்டும் நிலக்கரியில்தானே வருகிறது?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: சும்மாவா நிற்கிறது? கரையில் கட்டியதும் ஓய்வது பெரிய இன்ஜின் மட்டும்தான். விளக்கு, பம்பு, சமையலறை, இறைச்சியும் பழமும் ஏற்றிய குளிர்சாதன கன்டெய்னர்கள் என எல்லாவற்றுக்கும் துணை இன்ஜின்கள் இரவு பகலாக ஓடுகின்றன. சரக்கு இறக்கி ஏற்றி முடியும்வரை ஊரை ஒட்டியே புகை.

ரயில்வே கேட்டில் இன்ஜினை அணைக்காமல் உறுமவிடுகிறவர்களோடு எனக்குப் பழைய சண்டை உண்டு என்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். 'ரெண்டு நிமிஷம்தானே சார்' என்பார்கள். பக்கத்தில் சைக்கிளோடு நிற்கிற பிள்ளை அந்த ரெண்டு நிமிஷமும் மூச்சை அடக்கிக்கொண்டா நிற்கும்? கப்பல் நாள்கணக்கில் நிற்கிறது.

லாஸ் ஏஞ்சல்ஸ் துறைமுகத்தை ஒட்டி வாழும் சான் பெட்ரோ மக்கள் இதைப் பொறுக்காமல், சைனா ஷிப்பிங் நிறுவனத்துக்காகக் கட்டப்பட்ட புதிய கன்டெய்னர் முனையத்தை எதிர்த்து 2001-இல் சுற்றுச்சூழல் அமைப்புகளோடு சேர்ந்து வழக்குப் போட்டார்கள். 2002-இல் நீதிமன்றம் கட்டுமானத்தை நிறுத்தியது. அடுத்த ஆண்டு சமரசம். 2004-இல் அந்த முனையம் கரை மின்சார வசதியோடு திறந்தது. கன்டெய்னர் கப்பல்களுக்கு அப்படியொரு வசதி வந்தது அங்கேதான் முதலில்.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு ஆறவில்லை. அந்த முனையத்துக்காக ஏற்றுக்கொண்ட 52 நிபந்தனைகளில் 11-ஐ முழுசாக நிறைவேற்றவில்லை என்று 2015-இல் துறைமுகமே ஒத்துக்கொண்டது. கப்பல்கள் கரை மின்சாரம் எடுக்க வேண்டும் என்பதும் அந்த 11-இல் ஒன்று! பிளக் பாயின்ட் இருந்தது, செருகத்தான் ஆளில்லை. ரிப்பன் வெட்டியதோடு வேலை முடிந்தது என்று நினைக்கிற வியாதி நம் ஊரோடு நிற்பதில்லை.

செருக வைத்தது சட்டம்தான். கலிபோர்னியாவில் 2014-இல் ஒரு நிறுவனத்தின் கப்பல் வருகைகளில் பாதிக்குக் கட்டாயம், 2020-இல் 80 சதவீதத்துக்கு. 2023 முதல் கன்டெய்னர் கப்பல் வரும் ஒவ்வொரு முறையும் புகையைக் கட்டுப்படுத்தியாக வேண்டும். செருக வசதியில்லாத கப்பலா? புகைபோக்கியில் குழாய் மாட்டி, புகையை உறிஞ்சி வடிகட்டும் படகு பக்கத்தில் வந்து நிற்கும். நம் துறைமுகம் எதிலாவது கரை மின்சார வசதியைத் திறந்துவைத்தால், போன மாதம் எத்தனை கப்பல் செருகியது என்று கேளுங்கள். நானும் கேட்பேன்.

சரி, உங்கள் நிலக்கரிக்கு வருகிறேன். கரியமில வாயுக் கணக்கில் நீங்கள் சொல்வது நியாயம். நிலக்கரிக் கரன்ட்டைக் கொடுத்தால் அதில் பெரிய லாபம் கிடையாது. ஆனால் சான் பெட்ரோ வீடுகளுக்குள் போனது டீசல் கரித்தூள். அதை 1998-இலேயே காற்றில் கலக்கும் நச்சு என்று கலிபோர்னியா அறிவித்துவிட்டது. துணை இன்ஜினை அணைத்தால் அந்தத் தூள் அன்றைக்கே குறையும். கப்பலில் வெந்நீரும் நீராவியும் தயாரிக்கிற பாய்லரின் புகை மட்டும் மிஞ்சும். அதற்குத் தனியாக வழி செய்ய வேண்டும்.