சட்டப் பக்கம்: தண்டனைக்கு முன் பார்க்க வேண்டிய தாள்கள்

கேள்வி: அடிதடி வழக்கில் என் தம்பி குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போகிறான். வக்கீல் வைக்கவில்லை, ஆங்கிலமும் தடுமாற்றம். அரசுத் தரப்பிடம் உள்ள ஆவணங்களை எல்லாம் முன்கூட்டியே கேட்டு வாங்கலாமா? – வாசகி, ஈசூன்

பதில்: எல்லாவற்றையும் வாங்க முடியாது, அம்மா. சிங்கப்பூரில் சாட்சிப் பட்டியல், சான்றுப்பொருள் விவரம் போன்றவற்றை முன்கூட்டியே தரும் முறை விசாரணைக்குப் போகும் வழக்குகளுக்காக வந்தது. ஒப்புக்கொள்பவர் கையில் இருக்க வேண்டியவை குற்றச்சாட்டுத் தாள், 'ஸ்டேட்மெண்ட் ஆஃப் ஃபேக்ட்ஸ்' எனும் சம்பவ விவர அறிக்கை, பழைய குற்றப் பதிவு இருந்தால் அது, தண்டனையின்போது சேர்த்துக் கருதப்படும் மற்ற குற்றச்சாட்டுகளின் பட்டியல்.

இவற்றில் தண்டனையின் அளவைப் பெரிதும் தீர்மானிப்பது சம்பவ விவர அறிக்கைதான். யார் முதலில் கை நீட்டியது, எத்தனை அடி, கையில் ஏதாவது இருந்ததா, காயம் எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்கும். நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொல்வார். ஆனால் ஒப்புக்கொள்ளும் நாளில்தான் முதல்முறையாகக் கேட்டால் யோசிக்க நேரமிருக்காது. அதற்கு முந்தைய தவணையிலேயே அரசுத் தரப்பு வழக்கறிஞரிடம் பிரதி கேளுங்கள். வரிவரியாகத் தமிழில் வாசித்துக் காட்டுங்கள். தவறான வரி இருந்தால் திருத்தம் கேட்டு, அரசுத் தரப்பில் வழக்கு நடத்தும் தலைமைச் சட்ட அதிகாரி அலுவலகத்துக்கு எழுதுங்கள்.

வழக்கமாகச் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. நீதிபதி கேட்கும்போது எல்லாவற்றுக்கும் 'ஆமாம்' என்று தலையாட்டிவிட்டு, கருணை கேட்டுப் பேசும்போது "அவன்தான் முதலில் அடித்தான், நான் தடுக்கத்தான் செய்தேன்" என்பார்கள். சொன்னது குற்றத்தின் அடிப்படையையே அசைத்தால் ஒப்புதலை நீதிபதி நிராகரிக்க வேண்டும். வழக்கு விசாரணைக்குத் திரும்பும். தண்டனையின் அளவை மட்டும் பாதிக்கும் தகராறு என்றால் அந்த விவரத்தை மட்டும் சாட்சியம் கேட்டு முடிவுசெய்யும் 'நியூட்டன் விசாரணை' நடக்கலாம். அதில் தோற்றால், ஒப்புக்கொண்டதற்கான சலுகையும் குறையக்கூடும்.

அந்தச் சலுகை 2023 அக்டோபர் முதல் நெறிமுறையாக இருக்கிறது. ஆரம்பத்திலேயே ஒப்புக்கொண்டால் தண்டனை 30 விழுக்காடு வரை குறையலாம். வழக்கு ஒப்புதலுக்குத் தயார் என்று அரசுத் தரப்பு அறிவித்த பிறகும் 12 வாரம் இந்த முதல் கட்டம் நீடிக்கும். ஆகவே வாசிக்க ஒரு தவணை கேட்டால் சலுகை போய்விடுமோ என்ற பயம் பெரும்பாலும் வீண்.

பழைய குற்றப் பதிவில் தேதி, தண்டனை விவரங்களைச் சரிபாருங்கள். கூடுதல் குற்றச்சாட்டுகளில் செய்யாதது இருந்தால் சம்மதிக்க வேண்டாம்.

குடிமக்களும் நிரந்தரவாசிகளும், வக்கீல் உதவி தரும் அரசு அமைப்பான பொதுத் தற்காப்பு வழக்கறிஞர் அலுவலகத்தை நாடலாம் (வருமானத் தகுதி உண்டு). தம்பி வேலை அனுமதியில் இருப்பவர் என்றால் குற்றவியல் சட்ட உதவித் திட்டத்துக்கு விண்ணப்பிக்கட்டும்.

கேள்வி: 19 வயது மகனுக்குச் சீர்திருத்தப் பயிற்சி (இளம் குற்றவாளிகளை அடைத்துவைத்துத் திருத்தும் தண்டனை) பொருந்துமா என்று அறிக்கை கேட்டிருக்கிறார் நீதிபதி. நாங்கள் அதைப் பார்க்கலாமா? – வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: குற்றவாளிக்கோ அவரது வழக்கறிஞருக்கோ பிரதி தரவேண்டும் என்று சட்டமே சொல்கிறது. மகன் வழியாக நீங்களும் வாசியுங்கள். பள்ளி வருகை, நண்பர் வட்டம், வீட்டுச் சூழல் பற்றிய பகுதிகளை நிதானமாகப் பாருங்கள். பிழை இருந்தால் பள்ளிக் கடிதம் போன்ற ஆதாரத்தோடு, தீர்ப்புக்கு முன்பே சொல்லுங்கள். நன்னடத்தைக் கண்காணிப்பு அறிக்கையும் கேட்கப்பட்டிருந்தால் அதற்கும் பிரதி கேளுங்கள்.

கேள்வி: ஒப்புக்கொண்ட பிறகு மேல்முறையீடு உண்டா? – வாசகர், தேக்கா

பதில்: தண்டனையின் அளவு, அதன் சட்டப்படியான தன்மை ஆகியவை குறித்து மட்டும். தண்டனை விதித்த 14 நாளுக்குள் அறிவிப்பு கொடுக்க வேண்டும். சிறையில் இருப்பவர் சிறை அதிகாரி மூலம் கொடுக்கலாம். வழக்குப் பதிவேடு கைக்கு வந்த பின் மேல்முறையீட்டு மனுவுக்கு இன்னொரு 14 நாள்.