'கடை காலியா கிடக்கு' என்கிறார் முதலாளி

அன்புள்ள ஐயா,

காவேரிப்பட்டினம் பக்கம் ஒரு மாங்கூழ் தொழிற்சாலைக்கு இணையதளம் செய்தேன். வெள்ளைப் பின்னணி, ஒரே ஒரு மாம்பழப் படம், கீழே ஒரு வரி. முதலாளி பார்த்துவிட்டு, 'என்னப்பா, கடை காலியா கிடக்கு' என்கிறார். எல்லாவற்றையும் முகப்பிலேயே போட வேண்டுமாம், அரபியிலும் ஒரு பக்கம் வேண்டுமாம். நம் ஆட்களுக்கு அழகுணர்ச்சியே கிடையாதா?

ஓசூரிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடைசிக் கேள்வி எனக்கு வருத்தமாக இருந்தது. முதலாளிக்கு அழகுணர்ச்சி இருக்கிறது, அது நீங்கள் பழகிய அழகு இல்லை, அவ்வளவுதான்.

ஜப்பானின் யாஹூ முகப்பையோ ராகுட்டென் என்ற இணையச் சந்தையில் ஒரு கடைப் பக்கத்தையோ திறந்து பாருங்கள். எழுத்தும் படமும் விலையும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். வடிவமைப்பில் பெயர் வாங்கிய நாடு அது, அங்கேயே இப்படி. ஒரு காரணம் எழுத்திலேயே இருக்கிறது. ஜப்பானிய எழுத்தில் ஆங்கிலத்தைப் போலப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பிரிவு இல்லை, சாய்வெழுத்தும் அவர்கள் மரபில் இல்லை, அதனால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டுமானால் நிறத்தையும் அளவையும் கட்டத்தையும்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. யோசித்துப் பார்த்தால் தமிழுக்கும் இதே நிலைதானே? நம் ஊர்க் கல்யாணப் பத்திரிகையிலும் மண்டிப் பலகையிலும் சிவப்பும் மஞ்சளும் ஏன் அப்படி வருகின்றன என்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

2001இல் மசுதா, நிஸ்பெட் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் மீன்கள் நீந்தும் படக்காட்சிகளை ஜப்பானிய, அமெரிக்க மாணவர்களிடம் காட்டி, பார்த்ததைச் சொல்லச் சொன்னார்கள். அமெரிக்கர்கள் பெரும்பாலும் பெரிய மீனில் தொடங்கினார்கள், ஜப்பானியர்கள் தண்ணீர், செடி என்று சுற்றியிருப்பதை அதிகம் சொன்னார்கள். இதை வைத்து இணையதளத்தைப் பற்றித் தீர்ப்பு எழுத முடியாது, ஆனால் ஒரே திரையை எல்லோரும் ஒரே மாதிரி பார்ப்பதில்லை என்பதையாவது ஏற்கலாம்.

சரி, உங்கள் வேலைக்கு வருவோம். கூழ் வாங்க வருகிறவர் தேடுவது மாம்பழ ரகம் பெங்களூராவா அல்போன்சாவா, பிரிக்ஸ் (கூழின் இனிப்பைச் சொல்லும் அளவு) எவ்வளவு, 3.1 கிலோ டின்னா 215 கிலோ டிரம்மா என்பதைத்தான். அதை மூன்று சொடுக்குக்கு அப்பால் ஒளித்துவைத்துவிட்டு மாம்பழத்தை மட்டும் காட்டினால், முதலாளி சொன்னது சரிதான், கடை காலி. தமிழ்ப் பக்கத்தில் வரி இடைவெளியைக் கொஞ்சம் கூட்டுங்கள், ஆங்கிலத்துக்கு வைத்த அளவில் 'தி'யின் மேல்விலங்கும் மேல்வரியில் உள்ள 'பு'வின் கீழ்க்கொக்கியும் ஒன்றோடொன்று இடிக்கும். 'கான்டாக்ட்' என்ற சொல்லுக்கு வெட்டிய பொத்தானில் 'தொடர்புகொள்ள' அடங்காது.

அரபுப் பக்கத்துக்கு மொழிபெயர்த்து ஒட்டினால் போதாது. பக்கமே கண்ணாடியில் பார்த்தது போலத் திரும்ப வேண்டும்: சின்னம் வலது மேல் மூலையில், 'அடுத்து' அம்புக்குறி இடப்பக்கம் பார்த்து. தொலைபேசி எண் மட்டும் இடமிருந்து வலமாகவே இருக்கும். அரபு எழுத்துகள் ஒன்றோடொன்று கோத்து வருபவை, அழகுக்காக நடுவில் இடைவெளி விட்டால் சொல்லே உடைந்துபோகும். வெளியிடும் முன் அரபி வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் அலைபேசியைக் கொடுத்து, அல்போன்சா டிரம்முக்கு விலை கேட்கும் இடம் எங்கே என்று தேடச் சொல்லுங்கள். அவர் கை முதலில் எங்கே போகிறது என்று பக்கத்தில் நின்று பாருங்கள், அப்புறம் எனக்கும் எழுதுங்கள்.