சிரிப்பு எதன் மீது விழுகிறது?

கேள்வி: என் மகளுக்கு ஐந்து வயது, மகனுக்கு இரண்டரை வயது. இருவரையும் அருகில் அமர்த்திக்கொண்டு இரவில் கதை வாசிப்பதைச் சில மாதங்களாக வழக்கமாக்கியிருக்கிறேன். நகைச்சுவைக் கதை என்று நம்பி வாங்கிய ஒரு புத்தகத்தில், திக்கிப் பேசும் சிறுவனை எல்லாரும் கேலி செய்கிறார்கள். குழந்தைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மறுநாள் மகள் தன்னோடு விளையாடும் ஒரு பையனை அந்தக் கதையில் வரும் பட்டப்பெயரால் அழைத்துவிட்டாள். மனத்தைத் தொடும் கதை என்று வாங்கிய இன்னொன்றில் தாய்ப்பறவை இறந்துபோகிறது. மகள் தேம்பித் தேம்பி அழுது, அந்தப் புத்தகத்தை அலமாரியிலேயே வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள். குழந்தைகள் சிரிக்கவும் வேண்டும், மனம் கனியவும் வேண்டும் என்றால் எப்படிப்பட்ட புத்தகங்களைத் தேடுவது? எனக்கு நடித்துக் காட்டவும் வராது.
- ஒரு தந்தை

பதில்: அன்புள்ள நண்பருக்கு,

முதலில் உங்கள் மகளைப் பற்றி ஒரு வார்த்தை. அவள் கெட்ட எண்ணத்தோடு அந்தப் பையனை அப்படி அழைக்கவில்லை. தந்தையின் மடியில் உட்கார்ந்து, எல்லாரும் மகிழ்ந்து சிரித்த ஒரு சொல்லை, மறுபடியும் அதே மகிழ்ச்சி கிடைக்கும் என்று எடுத்துப்போய்ச் சொல்லியிருக்கிறாள். அதனால் அவளைக் கண்டிப்பதைவிட, அந்தக் கதையில் எல்லாரும் சிரிக்கும் பக்கத்தை மறுபடி திறந்து, "இவன் முகத்தைப் பார், இவனுக்கு இப்போது எப்படி இருக்கும்?" என்று கேட்டுவிட்டு அவள் பதிலுக்குக் காத்திருங்கள். ஐந்து வயதுக் குழந்தையால் அந்தக் கேள்விக்கு உண்மையாகவே பதில் சொல்ல முடியும்.

புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் பார்ப்பது, சிரிப்பு எதன் மீது விழுகிறது என்பதைத்தான். ஒருவர் தானாக மாற்றிக்கொள்ள முடியாத ஒன்றின் மீது, அதாவது பருத்த உடல், தோலின் நிறம், திக்கல், மாறுகண் போன்றவற்றின் மீது விழுந்தால், மற்ற பக்கங்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்தப் புத்தகத்தைக் கீழே வைத்துவிடுகிறேன். பிடிவாதம், அவசரம், தற்பெருமை, தப்புக்கணக்கு ஆகியவற்றின் மீது விழுந்தால் எடுத்துக்கொள்கிறேன். பின்னவை எல்லாக் குழந்தைகளிடமும் இருப்பவை; தன்னிடம் இருப்பதைக் கதையில் வேறொருவரிடம் கண்டு சிரிக்கும் குழந்தை, சிரித்தபடியே அந்தப் பாத்திரத்தின் பக்கம் போய் நின்றுகொள்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். ஒளிந்து பிடிக்கும் விளையாட்டில் ஒரு யானை மெல்லிய கம்பத்துக்குப் பின்னால் நின்று கண்களை இறுக மூடிக்கொண்டு, தன்னை யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்று நம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். இதையே யானையின் பருமனைப் பற்றிய கேலியாகவும் எழுதலாம், யானையின் நம்பிக்கையைப் பற்றிய வேடிக்கையாகவும் எழுதலாம். தேடி வரும் முயல் யானையைப் பார்த்துவிட்டும் பார்க்காததுபோல, "எங்கேதான் போனானோ?" என்று கம்பத்தைச் சுற்றிச் சுற்றி வந்தால், அந்த ஒரே செயலில் சிரிப்பும் இருக்கிறது, கனிவும் இருக்கிறது. நீங்கள் இரண்டையும் இரண்டு வேறு புத்தகங்களில் தேடியிருக்கிறீர்கள். இரண்டும் ஒரே செயலிலிருந்து பிறக்கும் புத்தகத்தைத் தேடுங்கள் என்பதே நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது.

உங்கள் இரு குழந்தைகளும் ஒரே பக்கத்தைப் பார்த்து ஒரே காரணத்துக்காகச் சிரிப்பதில்லை என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டரை வயதுக் குழந்தைக்குத் தலைகீழாக்கப்பட்ட உலகம்தான் பெரிய வேடிக்கை: செருப்பைத் தலையில் போட்டுக்கொள்ளும் கரடி, 'மா' என்று கத்தும் வாத்து. ரஷ்யக் குழந்தைக் கவிஞர் கொர்னேய் சுகோவ்ஸ்கி, இரண்டு வயதுகூட நிறையாத தம் மகள் ஒருநாள் ஓடிவந்து, நாய் 'மியாவ்' என்று கத்துவதாகச் சொல்லிச் சிரித்ததைப் பதிவு செய்திருக்கிறார். நாய் எப்படிக் குரைக்கும் என்பது உறுதியாகத் தெரிந்த பிறகுதான் குழந்தைக்கு இந்தக் குறும்பு தோன்றும், தனக்குத் தெரிந்ததை அது இப்படித்தான் கொண்டாடுகிறது என்பது அவர் கண்டது. ஆகவே உங்கள் மகனுக்கு அவன் நன்கு அறிந்த பொருள்களும் விலங்குகளும் வரும் புத்தகத்தைத் தேர்ந்தெடுங்கள். அவன் பார்த்தே அறியாத ஒரு கருவியைத் தவறாகப் பயன்படுத்தும் கதை அவனுக்கு வேடிக்கையாக இராது. எது சரி என்று தெரியாதபோது எது தவறு என்றும் தெரியாது அல்லவா?

உங்கள் மகள் இன்னொரு வாசலைக் கடந்துவிட்டாள். ஹைன்ஸ் விம்மர், யோசஃப் பெர்னர் என்னும் உளவியலாளர்கள் 1983இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வில், குழந்தைகளுக்கு ஒரு சிறுகதை சொல்லப்பட்டது. ஒரு சிறுவன் சாக்லேட்டை ஓர் அலமாரியில் வைத்துவிட்டுப் போகிறான். அவன் இல்லாத நேரத்தில் தாய் அதை வேறோர் அலமாரிக்கு மாற்றிவிடுகிறாள். திரும்பி வருபவன் எங்கே தேடுவான் என்று கேட்டால், மிகச் சிறிய குழந்தைகள் சாக்லேட் இப்போது இருக்கும் இடத்தையே காட்டுகிறார்கள். ஏறத்தாழ நான்கு வயதைத் தாண்டும்போதுதான், பிறருக்குத் தெரியாத ஒன்று தனக்குத் தெரிந்திருக்கலாம் என்பது பிடிபடத் தொடங்குகிறது. படக்கதைகளின் நகைச்சுவையில் பெரும்பகுதி இங்கிருந்துதான் வருகிறது. எழுத்தில் "இன்று ஒரு வம்பும் இல்லை" என்று இருக்கும். படத்தில் பின்னால் ஒரு வால் நீண்டிருக்கும். யானைக் கதையில் மகன் கம்பத்துக்கு இருபுறமும் பிதுங்கி நிற்கும் உடலைப் பார்த்துச் சிரிப்பான். மகள், யானைக்குத் தெரியாத முயலின் இரகசியம் தனக்குத் தெரியும் என்பதற்காகச் சிரிப்பாள். இருவரையும் சேர்த்து உட்காரவைத்து வாசிப்பவருக்கு இப்படி இரண்டு தளங்கள் உள்ள புத்தகம் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அடுத்து, கையில் எடுத்த புத்தகத்தைத் தாழ்ந்த குரலிலேனும் வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். கண்ணால் படிக்கும்போது தெரியாத குறைகள் நாவுக்குத் தெரிந்துவிடும். முக்கியமாக மொழிபெயர்ப்புகளில் இதைச் செய்யாமல் வாங்காதீர்கள். தமிழில் வினை பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. ஆகவே வியப்பும் அங்கேயே வெடிக்க வேண்டும். மூலமொழியின் வரிசையை ஒட்டியே பெயர்த்தால், சிரிக்க வைக்க வேண்டிய சொல் வாக்கியத்தின் நடுவில் சிக்கிக்கொண்டு, கடைசியில் "என்று அவன் கூறினான்" என்பது மட்டும் எஞ்சி நிற்கும். தடதட, குடுகுடு, மொறுமொறு போன்ற இரட்டைக்கிளவிகளைக் கஞ்சத்தனமின்றிப் பயன்படுத்தும் புத்தகம், பொருள் முழுதும் புரியாத வயதிலும் ஓசையாலேயே குழந்தையை இழுத்துக்கொள்ளும். பல்லவிபோல ஒரே வரி திரும்பத் திரும்ப வரும் கதைகளைத் தேடி எடுங்கள். மூன்றாம் முறையிலேயே உங்கள் மகன் அந்த வரியைத் தன்னுடையதாக்கிக்கொள்வான்.

நம் சிறுவர் நூல்கள் பலவற்றில் கரடிக்குட்டிகூட இலக்கணம் வழுவாமல் பேசுவது ஒரு தடையாகத் தோன்றலாம். கதை சொல்லும் பகுதியை அச்சில் உள்ளபடி வாசியுங்கள், பாத்திரங்களின் உரையாடலை மட்டும் உங்கள் வீட்டில் பேசுகிறபடி மாற்றிச் சொல்லுங்கள். எழுத்துத் தமிழின் ஓசையும் குழந்தையின் காதில் விழும், கரடியும் உயிருள்ள கரடியாகப் பேசும்.

நடித்துக் காட்ட வராது என்ற கவலை உங்களுக்கு வேண்டாம். படப்புத்தகங்கள் பெரும்பாலும் 32 பக்கங்களில் அமைகின்றன, அச்சுத்தாளை மடிக்கும் முறையே அதற்குக் காரணம். அந்தச் சிறிய பரப்புக்குள் தேர்ந்த ஓவியர் திடுக்கிட வைக்கும் காட்சியைப் பக்கத்தைத் திருப்பினால்தான் தெரியும்படி மறைத்து வைக்கிறார். ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது, திருப்பும் முன் ஒரு மூச்சு நேரம் நிறுத்துவது மட்டுமே. வேடிக்கையான வரியைச் சிரிக்காத முகத்தோடு வாசித்தால் குழந்தைகள் இன்னும் அதிகமாகச் சிரிக்கிறார்கள் என்பதை நான் பல முறை கண்டிருக்கிறேன். பக்கம் திருப்பும் பொறுப்பை மகளிடமும் பல்லவி வரியை மகனிடமும் கொடுத்துவிட்டால், உங்களுக்கு மிஞ்சுவது அமைதியாக வாசிக்கும் வேலைதான்.

இனி மனம் கனியவைக்கும் கதைகள். இங்கே நான் சற்றுக் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. குழந்தைகளுக்கென்று விற்கப்படும் உருக்கமான புத்தகங்களில் பல, பெரியவர்களின் கண்ணீருக்காக எழுதப்பட்டவை. பெற்றோர் எல்லாவற்றையும் இழந்து தேய்ந்துபோவதையே அன்பு என்று காட்டும் கதைகளை வாசிக்கும் நமக்குத் தொண்டை அடைக்கும். கேட்கும் குழந்தைக்கோ தன்னால்தான் இவர்கள் இப்படி ஆகிறார்களோ என்ற பாரம் ஏறலாம். சிறு குழந்தைக்குக் கனிவு என்பது கண்ணுக்குத் தெரியும் ஒரு சிறு செயல்: தொலைந்த பொம்மையை மழையில் நனைந்துகொண்டு தேடிக் கொண்டுவருவது, சண்டை போட்டவன் திரும்பி வந்து ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்வது. "நான் உன்னை நேசிக்கிறேன்" என்று பக்கத்துக்குப் பக்கம் சொல்லும் புத்தகத்தைவிட, அந்தச் சொல்லே வராத இத்தகைய கதை ஆழமாகப் போய்ச் சேரும். முடிவில் ஒரு நீதியைக் கட்டம் போட்டு அச்சிட்டிருந்தால் அந்தப் பகுதியை வாசிக்காமலே மூடிவிடுங்கள்.

வருத்தமே இல்லாத கதைதான் வேண்டும் என்று இதற்குப் பொருளில்லை. பிரிவும் பயமும் ஏமாற்றமும் வரலாம். ஆனால் இந்த வயதில் அவை அந்தப் புத்தகத்தின் எல்லைக்குள்ளேயே ஆறுதல் அடைய வேண்டும். கடைசிப் படத்தை முதலில் பாருங்கள். அதில் யாரேனும் யாருடைய அருகிலேனும் இருக்கிறார்களா என்று பாருங்கள். ஒரே இரவில் இரண்டு புத்தகங்கள் வாசிப்பதானால், கும்மாளமானதை முதலிலும் இதமானதைக் கடைசியிலும் வையுங்கள்.

ஒரே புத்தகத்தைத் தொடர்ந்து கேட்டு நச்சரித்தால் மறுக்காதீர்கள். 2011இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்ட மூன்று வயதுக் குழந்தைகள், வெவ்வேறு கதைகளில் அதே புதிய சொற்களை அதே அளவு கேட்ட குழந்தைகளைவிட அந்தச் சொற்களை நன்றாகக் கற்றிருந்தார்கள். சிரிப்பிலும் அப்படித்தான்: அடுத்த பக்கத்தில் என்ன வரும் என்று தெரிந்திருப்பது நமக்கு அலுப்பு, குழந்தைக்கு அதுவே இன்பம். இருபதாம் முறை வாசிக்கப்போகிறவர் நீங்கள் என்பதால், உங்களுக்கும் பிடித்த, படத்தின் மூலையில் இன்னும் எதையாவது ஒளித்து வைத்திருக்கும் புத்தகத்தையே எடுங்கள்.

தாய்ப்பறவைப் புத்தகத்தை மகள் சொன்னபடியே கண்ணில் படாத இடத்தில் வைத்துவிடுங்கள். அவளுடைய அந்த மறுப்பை மதித்ததாக அவளிடம் சொல்லவும் செய்யுங்கள். தூக்கியெறிய வேண்டாம். சில காலம் கழித்து அவளே அந்தப் பறவை என்ன ஆயிற்று என்று கேட்கக்கூடும். அப்போது, இரவில் அல்லாமல், பகல் வெளிச்சத்தில், தம்பி தூங்கும் நேரமாகப் பார்த்து, அவளை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு அதை வாசியுங்கள்.