இரண்டு லட்ச ரூபாய் பிஸ்டல்: வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

துப்பாக்கி சுடுதல் பற்றி நீங்கள் அவ்வப்போது எழுதுவதைத் தொடர்ந்து படிக்கிறேன். எனக்கு 41 வயது. கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் சிஎன்சி பிரிவில் சூப்பர்வைசர். பாரிஸ் ஒலிம்பிக்ஸ் பார்த்த ஆர்வத்தில் இங்கே ஒரு கிளப்பில் சேர்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் சுடுகிறேன், கிளப் பிஸ்டலில்தான். போட்டி, பதக்கம் எதுவும் மனதில் இல்லை. அந்த ஒரு மணி நேரம் தலைக்குள் வேறெதுவும் ஓடுவதில்லை. அதற்காகவே போகிறேன்.

சொந்தமாக ஒரு நல்ல மேட்ச் பிஸ்டல் (போட்டிக்கென்றே செய்யப்படுவது) வாங்க மாதம் ஆறாயிரம் ஆர்.டி. போட்டு வருகிறேன். விசாரித்த மாடல் எனக்கு இரண்டு லட்சத்தை ஒட்டி வருகிறது. இதுவரை தொண்ணூறாயிரம் சேர்ந்திருக்கிறது. "இப்போதைக்கு நாற்பதாயிரத்துக்குள் ஒன்று வாங்கிக்கொள், அப்புறம் மாற்றிக்கலாம்" என்கிறார் ஒரு நண்பர். இன்னொருவர் இ.எம்.ஐ. போடச் சொல்கிறார். அப்பாவோ, "ஒலிம்பிக்குக்கா போகப்போறே? இந்த வயசுல துப்பாக்கிக்கு ரெண்டு லட்சமா?" என்று கேட்டுவிட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. வீட்டில் எட்டு வயது மகள் வேறு இருக்கிறாள்.

காத்திருக்கலாமா? பொழுதுபோக்காகச் சுடுகிற ஒருவன் இவ்வளவு விலை கொடுப்பதில் உண்மையிலேயே அர்த்தம் இருக்கிறதா?

ச., கோவை

அன்புள்ள ச.,

காத்திருங்கள். இ.எம்.ஐ. வேண்டாம், நடுவில் ஒரு நாற்பதாயிரம் ரூபாய் பிஸ்டலும் வேண்டாம். கிளப் பிஸ்டலிலேயே இன்னும் ஒன்றரை வருடம் சுடுங்கள். பாக்கி ஒரு லட்சத்துப் பத்தாயிரம் அதற்குள் சேர்ந்துவிடும். இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம், உங்கள் கடைசிக் கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில். அந்த விலைக்கு என்ன கிடைக்கிறது என்று தெரிந்தால் எப்போது வாங்குவது என்பதும் தானாகத் தெளிவாகிவிடும்.

நீங்கள் மைக்ரோமீட்டர் பிடிக்கிறவர், அதனால் கணக்காகவே சொல்கிறேன். 10 மீட்டர் பிஸ்டல் டார்கெட்டில் பத்து வளையத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர். சுடும் ஈயக் குண்டான பெல்லட்டின் விட்டம் 4.5 மில்லிமீட்டர். கோட்டைத் தொட்டாலே உள்வளையத்தின் மதிப்பெண் கிடைக்கும் என்பதால், பெல்லட்டின் மையம் நடுப்புள்ளியிலிருந்து 8 மில்லிமீட்டர் வரை விலகினாலும் பத்துதான்.

இப்போது கை ஆடுகிறது என்று வைத்துக்கொள்வோம். குறி பார்க்கப் பிஸ்டலின் முன்னும் பின்னும் இருக்கும் இரண்டு சைட்டும் ஒன்றுக்கொன்று சரியாக நிற்க, மொத்தக் கையும் 5 மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தால் பெல்லட்டும் அதே 5 மில்லிமீட்டர்தான் நகரும். இன்னும் பத்துக்குள்ளேயே இருக்கிறீர்கள். மணிக்கட்டு லேசாகத் திரும்பி, ரியர் சைட்டின் பள்ளத்துக்குள் ஃப்ரன்ட் சைட் 1 மில்லிமீட்டர் தள்ளிப்போனால் கதை வேறு. இரண்டு சைட்டுக்கும் நடுவே ஏறத்தாழ 32 சென்டிமீட்டர் இருக்கும். அந்த 1 மில்லிமீட்டர், 10 மீட்டர் தள்ளி 31 மில்லிமீட்டராக விரிந்துவிடும். கறுப்பு வட்டத்தின் விளிம்பில் போய் ஒரு ஏழு விழும்.

புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் கை ஆடுவதைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். கை எல்லாருக்கும் ஆடும், ஒலிம்பிக் வீரர்களுக்கும் ஆடும். ஸ்கோரைக் கெடுப்பது டிரிகரை இழுக்கும் அந்தக் கடைசி நொடியில் விரலும் மணிக்கட்டும் செய்யும் சின்ன வேலை. மேட்ச் பிஸ்டலின் விலையில் பெரும்பகுதி இந்த ஒரு நொடிக்காகத்தான் செலவாகியிருக்கிறது. டிரிகரின் எடை 500 கிராமுக்குக் குறையக்கூடாது என்பது போட்டி விதி. மலிவான பிஸ்டலையும் ஓரளவு அந்த எடைக்குக் கொண்டுவந்துவிடலாம். ஆனால் இழுவை ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் தடைபட்டு, அங்கிருந்து விரலுக்கே தெரியாமல் விடுபட வேண்டும். பத்தாயிரமாவது ஷாட்டிலும் முதல் ஷாட்டைப் போலவே விடுபட வேண்டும். அதற்குத்தான் காசு.

அடுத்தது கிரிப். கிளப் பிஸ்டலின் கிரிப் பல கைகளுக்குப் பொதுவானது, அதாவது யாருடைய கைக்கும் பொருந்தாதது. மேட்ச் பிஸ்டலின் வால்நட் மரக் கிரிப் சின்னது, நடுத்தரம், பெரியது என்று அளவு வாரியாக வரும். உள்ளங்கையின் அடிப்பக்கத்தைத் தாங்கும் பலகையை மேலே கீழே நகர்த்தலாம். அதோடு வேலை முடிவதில்லை. எங்கள் ரேஞ்சில் ஒரு பெரியவர் புது கிரிப்பைச் சரிசெய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கையில் கொஞ்சம் பவுடர் தடவிக்கொண்டு கிரிப்பைப் பிடிப்பார், விடுவார். பவுடர் ஒட்டாத இடத்தில் மரப் புட்டியை அப்புவார். அதிகம் அழுத்திய இடத்தில் அரத்தால் இரண்டு இழுப்பு, அப்புறம் உப்புத்தாள். மறுபடி பவுடர். உங்கள் கம்பெனி ஃபிட்டர் ப்ளூ தடவி இரண்டு பரப்பும் எங்கே தொடுகிறது என்று பார்ப்பாரே, அதே வேலைதான். வாரக்கணக்கில் செய்தார். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு கையைத் தூக்கி, கண்ணைத் திறந்தால் ஃப்ரன்ட் சைட் பள்ளத்தின் நடுவில் நின்றது. கிளப் பிஸ்டலில் இதைச் செய்ய முடியாது, அடுத்தவர் கைக்கும் அது வேண்டும். சொந்தப் பிஸ்டல் வாங்குவதற்கு எனக்குத் தெரிந்த மிக நியாயமான காரணம் இதுதான்.

பீப்பாயைப் பற்றிக் கவலையே வேண்டாம். தொழிற்சாலையிலேயே பிஸ்டலை இறுகப் பூட்டிச் சுட்ட ஒரு சோதனை அட்டை பெரும்பாலும் பெட்டியோடு வரும். அதில் அத்தனை பெல்லட்டும் ஒரே ஓட்டையில் போயிருக்கும். அந்த விஷயத்தில் ஸ்டெய்ர், மொரீனி, பார்டினி, வால்தர், ஃபைன்வெர்க்பாவ் என்று எதை எடுத்தாலும் நம்மால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. கடைக்காரர்கள் இதைப் பற்றி நிறையப் பேசுவார்கள். கேட்டுக்கொண்டு டிரிகரை இழுத்துப் பாருங்கள்.

அதனால்தான் நடுவில் ஒன்று வேண்டாம் என்கிறேன். நாற்பதாயிரத்துக்குள் கிடைப்பவற்றில் பலவும் நிஜக் கைத்துப்பாக்கியைப் போலத் தோற்றம் தருபவை, காகிதத்தில் வளையம் எண்ணுவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. விற்கப் போனால் பாதி விலையும் தேறாது. ஒரு விதிவிலக்கு உண்டு. ஒவ்வொரு ஷாட்டுக்கும் லீவரை ஒரு முறை இழுத்துக் காற்றை அடைத்துச் சுடும் பழைய வகை டார்கெட் பிஸ்டல்கள். ரஷ்யாவின் இஷ்-46எம் அந்த வகைதான். இப்போதைய பிஸ்டல்களைப் போலக் காற்றை நிரப்பி மாட்டும் சிலிண்டர் தொல்லை இல்லை, டிரிகரும் அருமை. நல்ல நிலையில் ஒன்று நியாயமான விலைக்குக் கண்ணில் பட்டால் விடாதீர்கள், அதை வைத்துக்கொண்டே மேட்ச் பிஸ்டலுக்குச் சேமிக்கலாம்.

செகண்ட் ஹேண்டில் மேட்ச் பிஸ்டல் வாங்குவதையும் யோசியுங்கள். போட்டிக்குப் போகும் பிள்ளைகள் கல்லூரியோடு விட்டுவிடுவதால் அதிகம் சுடாத பிஸ்டல்கள் விற்பனைக்கு வருவது உண்டு. அப்படி வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதி. 200 பார் அழுத்தத்தில் காற்றைத் தாங்கும் சாமான் அது, அதற்குப் பத்து வருடம்தான் ஆயுள். காலாவதியான சிலிண்டரோடு போட்டியில் நிற்க முடியாது. அதைவிட, முகத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளவே கூடாது. புது சிலிண்டரின் விலையைக் கழித்துத்தான் பேரம் பேச வேண்டும். சிலிண்டரை நிரப்பிப் பூட்டி ஒரு நாள் விட்டுப் பாருங்கள், அழுத்தமானியின் முள் இறங்கியிருந்தால் எங்கோ சீல் போயிருக்கிறது. பில் யார் பெயரில் என்பதையும் பாருங்கள்.

எந்த பிராண்ட் என்று கேட்டால், உங்கள் ஊரிலோ சென்னை, பெங்களூரிலோ பழுது பார்க்கவும் உதிரிப் பாகத்துக்கும் ஆள் இருக்கும் பிராண்ட் என்பேன். டோக்கியோ ஒலிம்பிக்ஸில் 2021 ஜூலை 25 அன்று மனு பாக்கருக்கு நடந்தது நினைவிருக்கும். தகுதிச் சுற்றின் நடுவில் பிஸ்டலில் கோளாறு. சரிசெய்து திரும்புவதற்குள் கால் மணி நேரத்துக்கு மேல் போய்விட்டது. மீதி ஷாட்களை அவசரமாகச் சுட்டும் 575 எடுத்தார், இரண்டு புள்ளியில் இறுதிச் சுற்று போனது. மூன்று வருடம் கழித்து பாரிஸில் இரண்டு வெண்கலம் வென்றார். உலகத் தரமான பிஸ்டலும் பழுதாகும். அவர் பின்னால் ஒரு குழுவே இருந்தது. உங்களுக்கும் எனக்கும் பக்கத்து ஊர் மெக்கானிக்தான்.

இனி அந்த ஒன்றரை வருடம். கிளப்பில் இருக்கும் நேரத்தில் பாதியை பெல்லட் போடாமல் டிரை ஃபயரில் செலவிடுங்கள். டார்கெட்டைப் பார்க்காமல் வெள்ளைச் சுவரைப் பார்த்து, ஃப்ரன்ட் சைட் அசைகிறதா என்பதை மட்டும் கவனியுங்கள். பெல்லட் செலவும் மிச்சம். வீட்டில் ஒரு கிலோ எடையைக் கையை நீட்டித் தூக்கிப் பிடித்துப் பழகுங்கள், மேட்ச் பிஸ்டலின் எடையும் கிட்டத்தட்ட அதுதான். இன்னொன்று, ரேஞ்சில் சொந்தப் பிஸ்டல் வைத்திருப்பவர்களிடம் கேட்டு ஒவ்வொன்றையும் பிடித்துப் பாருங்கள். இந்த விளையாட்டில் யாரும் மறுக்க மாட்டார்கள். எலக்ட்ரானிக் டிரிகர் பிடிக்கிறதா மெக்கானிக்கலா, முன்பக்கம் எடை இருந்தால் நிதானமாக இருக்கிறதா, எந்த அளவு கிரிப் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இதெல்லாம் தெரியாமல் இன்றே இரண்டு லட்சம் கையில் இருந்தாலும் வாங்கச் சொல்ல மாட்டேன். இ.எம்.ஐ. வேண்டாம் என்பதும் இதற்காகத்தான். தவணை ஓடுகிறதே என்ற நினைப்போடு ரேஞ்சுக்குப் போனால், தலைக்குள் எதுவும் ஓடாத அந்த ஒரு மணி நேரம் உங்களுக்குக் கிடைக்காது.

அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். வயதைப் பற்றிய பதில் எளிது. ஜார்ஜியாவின் நினோ சலுக்வாட்ஸே 1988 சியோலில் பிஸ்டலில் தங்கம் வென்றவர். 2016 ரியோவில் தன் மகனோடு சேர்ந்து போட்டியிட்டார். 2024 பாரிஸ் அவருக்குப் பத்தாவது ஒலிம்பிக்ஸ், வயது 55. பாக்கெட்டில் கைவிட்டு நின்று வெள்ளி வென்றதால் உலகமெங்கும் பேசப்பட்ட துருக்கியின் யூசுஃப் டிகெச்சுக்கு அப்போது 51. (அந்தப் பாக்கெட் கையை அலட்சியம் என்று பலர் ரசித்தார்கள். பிஸ்டலில் பலரும் அப்படித்தான் நிற்பார்கள். சும்மா தொங்கும் கை ஆடினால் தோளும் ஆடும்.) உங்கள் 41 இந்த விளையாட்டுக்கு ஒரு தடையே இல்லை.

ஆனால் அப்பாவைத் தொந்தரவு செய்வது வயதும் பணமும் மட்டும் இல்லை என்று நினைக்கிறேன், துப்பாக்கி என்ற சொல்லும்தான். அந்தத் தயக்கத்தை நான் மதிக்கிறேன். ஒரு ஞாயிறு அவரை ரேஞ்சுக்குக் கூட்டிப் போங்கள். அரை கிராம் ஈயப் பெல்லட்டையும், அது காகிதத்தில் போடும் ஓட்டையையும் பார்க்கட்டும். 75 நிமிடத்தில் 60 ஷாட், ஒவ்வொன்றுக்கும் நடுவே பிஸ்டலை மேஜையில் வைத்துவிட்டு மூச்சைச் சீராக்கிக்கொண்டு மறுபடி தூக்குவதைப் பார்க்கட்டும். மகன் அங்கே என்ன செய்கிறான் என்பது புரிந்துவிடும். பணம் குடும்பத்தின் அத்தியாவசியச் செலவிலிருந்து எடுத்தது இல்லை என்றால், அதற்கு மேல் நீங்கள் நியாயம் சொல்லவே தேவையில்லை. ஒரு வேலையைச் செம்மையாகச் செய்யும் ஆசைக்குப் பதக்கம் சாட்சி சொல்ல வேண்டியதில்லை.

சட்டத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2016 ஆயுத விதிகளின்படி 4.5 மில்லிமீட்டர் விட்டத்துக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் மேற்படாத ஏர் பிஸ்டலுக்கு உரிமம் தேவையில்லை. மேட்ச் ஏர் பிஸ்டல் ஏறத்தாழ 6 ஜூல்தான். கடையில் அடையாள, முகவரிச் சான்று கேட்பார்கள், கொடுங்கள். 25 மீட்டர் சுடும் .22 பிஸ்டல் வெடிமருந்துத் தோட்டாவால் சுடுவது, முற்றிலும் வேறு. அதற்கு உரிமம் வேண்டும், வெளிநாட்டிலிருந்து வரவழைக்கப் போட்டிகளில் உரிய ஸ்கோரை எட்டியிருக்கவும் வேண்டும். அந்தப் பக்கம் இப்போது யோசிக்காதீர்கள்.

6 ஜூல்தானே என்று வீட்டில் அசட்டையாக இருக்கவும் கூடாது. கண்ணில் பட்டால் கண் போய்விடும். மகள் இருக்கும் வீட்டில் பிஸ்டல் பூட்டிய பெட்டியில், பெல்லட் டப்பா வேறு அலமாரியில், சாவி உங்களிடம். ரேஞ்சில் பீப்பாய் முழுக்க ஓடும்படி ஒரு ஆரஞ்சு நிறக் கயிற்றைச் செருகி வைப்பார்களே, வீட்டிலும் அது உள்ளேயே இருக்கட்டும். கயிறு முழுசாக உள்ளே போனால் பெல்லட் இல்லை என்று அர்த்தம். பிஸ்டல் எங்கே என்று மகளிடம் மறைக்க வேண்டாம், அப்பா இல்லாமல் தொடக்கூடாது என்று நேராகச் சொல்லிவிடுங்கள்.

மாடலை முடிவு செய்ததும் உங்கள் கிரிப் அளவையும் குறிப்பிட்டு எழுதுங்கள். இடது கைக்காரர் என்றால் கடைக்காரரிடம் இப்போதே சொல்லி வையுங்கள். இடது கைக் கிரிப் கடைகளில் சாதாரணமாக இருப்பு இருக்காது, வரவழைக்க நாளாகும்.