வேளச்சேரி நாய் உண்ணிகளில் காக்ஸியெல்லா மட்டுமே தெரிவது ஏன்?

வேளச்சேரி நாய்களின் உண்ணிகளை மே, நவம்பர் மாதங்களில் எடுத்து, அவற்றிலுள்ள பாக்டீரியா டிஎன்ஏவைப் படித்தபோது, இரண்டிலும் காக்ஸியெல்லா என்ற பாக்டீரியாவே தெரிந்தது, பருவ வித்தியாசம் இல்லை என்கிறீர்கள். வித்தியாசம் இல்லாமலில்லை, அமுங்கிக் கிடக்கலாம். மே, நவம்பர் இரண்டிலும் நீங்கள் பார்த்தது அநேகமாக, கால்நடைகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் கியூ காய்ச்சலின் காக்ஸியெல்லா கிருமி அல்ல. அதன் உறவுக்கார கூட்டுயிரி, அதாவது உண்ணியின் உடலுக்குள்ளேயே வாழ்ந்து அதற்கு உதவும் பாக்டீரியா. தாய் உண்ணியிடமிருந்து முட்டைவழி வருவது, ரத்தத்தில் போதாத பி வைட்டமின்களைத் தருவது. பெண் உண்ணியின் சூலகத்தில் குவிந்திருக்கும். ஆமணக்கு முத்துபோல் உப்பிய பெண்களையே பொறுக்கியிருந்தால் வேறென்ன தெரியும்?

ஆண், பெண் பிரித்து, காக்ஸியெல்லாவின் டிஎன்ஏ வரிசைகளை நீக்கி, மிச்சத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். டிஎன்ஏ எடுக்குமுன் நீர்த்த பிளீச்சில் கழுவினீர்களா? இல்லையென்றால் அந்த மிச்சத்தில் பாதி நாயின் தோலும் தெருமண்ணுமாக இருக்கலாம். உண்ணியே இல்லாத வெற்று மாதிரி ஒன்றையும் உடன் ஓட்டுங்கள்.

ஒரு எச்சரிக்கை: பாக்டீரியாக்களை அடையாளம் காணப் படிக்கும் 16எஸ் மரபணுத் துண்டை மட்டும் வைத்துக் கியூ காய்ச்சல் கிருமியை விலக்கிவிட முடியாது. அந்தக் கிருமியின் ஒரு டிஎன்ஏ துண்டைத் தேடும், பலர் நம்பும் ஐஎஸ்1111 பிசிஆர் சோதனையும் சில கூட்டுயிரிகளில் பாசிட்டிவ் காட்டும்.